ஒற்றை மூட்டு வீங்கும்போது

டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவருக்கு ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, அசைக்கவிடாமல் வலித்தால், அதைக் கிருமித் தொற்று என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு ஏதோ என்று டாக்டர் சோதித்துச் சொல்லும்வரை அப்படித்தான். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த டயாலிசிஸ் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. இந்த இயலில் இதற்கு மேல் படிக்க நேரமில்லாதவர்கள், வீட்டில் அப்படி ஒருவர் இப்போது வலியில் இருந்தால், புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பலாம்.

மற்றவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன். காங்கேயம் பக்கம் மூட்டு வலி ஒரு செய்தியே இல்லை என்பதுதான் இங்கே முதல் சிக்கல். கொப்பரைக் களத்தில் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து தேங்காய் உடைத்தவர்கள், அரிசி மில்லில் மூட்டை சுமந்தவர்கள், வெள்ளக்கோவில் விசைத்தறிக் கூடத்தில் ஷிஃப்ட் முழுக்க நின்றவர்கள், கம்பெனி வேன் ஏறித் திருப்பூர் போய் ஓவர்லாக் மிஷினில் பெடல் மிதித்தவர்கள், யாரைக் கேட்டாலும் முட்டியைத் தடவிக் காட்டுவார்கள். அதனால் புதிதாக வந்த வலியும் பழைய வலியின் கணக்கிலேயே போய்ச் சேருகிறது. டயாலிசிஸ் அறை வாசலில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

“ஏனுங்கண்ணா, காலைச் சாச்சு நடக்கறீங்க?”

“ஒன்னுமில்லீங் தம்பி. முட்டி புடிச்சுக்கிச்சு. மில்லுல மூட்டை தூக்குன காலுதானுங்களே.”

“எத்தன நாளாங்க?”

“முந்தாநேத்து ராத்திரியில இருந்து. மருந்துக்கடையில ரெண்டு மாத்தர வாங்கிப் போட்டனுங்க. தைலம் போட்டு நீவியும் உட்டாங்க. சோறே எறங்க மாட்டேங்குது.”

“போன வாரம் மிஷின்ல படுத்திருக்கறப்ப குளிரெடுத்துச்சுங்களே, அப்பறம் வந்துச்சுங்களா?”

“அன்னிக்கு ஊசி போட்டதுல நின்னுபோச்சுங்க.”

டெக்னீசியன் தம்பி கேட்ட கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி. மில் மூட்டை பல வருஷத்துக் கதை. இந்த வீக்கமோ இரண்டு நாள் கதை. ஒரே ஒரு மூட்டு. சாப்பாடு இறங்கவில்லை. போன வாரம் மிஷினில் இருக்கும்போது குளிர். இவருக்கு டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போடும் பெர்ம்கேத் குழாயும் இருந்தால், கதை கிட்டத்தட்ட முழுசாகச் சொல்லப்பட்டுவிட்டது.

கிருமி எந்த வழியாக வருகிறது

மூட்டுக்குள் கிருமி போக வெளியே காயம் வேண்டியதில்லை. பெரும்பாலும் அது ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. நம் தோலிலும் மூக்குத் துவாரத்திலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலருக்குக் குடியிருக்கிறது. சும்மா இருக்கும்வரை தொந்தரவில்லை. டயாலிசிஸில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் ஒரு வழி திறக்கப்படுகிறது. கழுத்துக் குழாய் உள்ளவருக்கு அந்த வழி இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. ஒரு முனை தோலுக்கு வெளியே, மறு முனை இதயத்துக்குப் பக்கத்தில். குழாய் வழியாக ரத்தத்தில் கலந்த கிருமி போய் உட்கார வசதியான இடங்களில் மூட்டும் ஒன்று. மூட்டின் உள்ளுறையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைய. மற்ற உறுப்புகளில் உள்ள தடுப்புச் சவ்வு அங்கே இல்லை. உள்ளே புகுந்தபின் சீழ் கட்டி, குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரிக்கப்படுகிறது. குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. போனால் பழையபடி வளராது. இரண்டு நாள், மூன்று நாள் என்று நான் கறாராகப் பேசுவது இதனால்தான்.

கால் மட்டும் போகிற நோயும் அல்ல இது. டயாலிசிஸ் செய்யாத பெரியவர்களிலேயே சீழ் பிடித்த மூட்டோடு வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்தவருக்கு நிலைமை இதைவிட மேலாக இருக்க வாய்ப்பில்லை. மூட்டில் கிருமி என்றால் பெரும்பாலும் அது ரத்தத்தின் வழியாக வந்தது என்று பொருள். அது இதய வால்விலும் முதுகெலும்பிலும் உட்கார்ந்திருக்கலாம்.

காய்ச்சல் இல்லை என்று ஏமாற வேண்டாம்

நல்ல உடம்புக்காரருக்கு மூட்டில் சீழ் பிடித்தால் காய்ச்சல் கொளுத்தும். டயாலிசிஸ் நோயாளிக்கு அப்படி வர வேண்டும் என்பதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் எதிர்ப்புச் சக்தி மந்தம். பலருக்கு உடல் வெப்பமே இயல்பில் சற்றுக் குறைவு. தெர்மாமீட்டர் 100 டிகிரியைத் தொடவில்லை என்பதால் கிருமி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் சி.ஆர்.பி. அளவும் டயாலிசிஸ்காரர்கள் பலருக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆகவே முன்பு எவ்வளவு இருந்தது என்ற பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் டாக்டருக்கு உதவும்.

மிஷினில் போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் வரும் குளிர் நடுக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் லேசாக விடாதீர்கள். மிஷின் ஓட ஆரம்பித்ததும் குழாய்க்குள் தங்கியிருந்த கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்படுகிறது, உடம்பு உதறுகிறது. ஒரு ஊசி போட்டால் உதறல் நிற்கும், கிருமி நிற்காது. அப்போது கேட்க வேண்டியது: “ரத்தக் கல்ச்சர் எடுத்தாச்சுங்களா?” குழாயிலிருந்து ஒன்று, கையிலிருந்தோ மிஷின் ரத்தச் சுற்றிலிருந்தோ ஒன்று என இரண்டு பாட்டில் எடுத்துவிட்டு, பிறகுதான் ஆன்டிபயாட்டிக் போட வேண்டும். டயாலிசிஸ் அறையில் இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நல்ல யூனிட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

எந்த மூட்டு

அதிகம் மாட்டுவது முட்டிதான். அடுத்து தோள், இடுப்பு, கணுக்கால், மணிக்கட்டு. ஆனால் டயாலிசிஸ்காரர்களுக்கு மற்றவர்களிடம் அபூர்வமாகவே பார்க்கும் இடங்களிலும் வருகிறது. காரை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில், கழுத்துக் குழிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சிவக்கும். குழாய் போட்ட வலி என்று விட்டுவிடுவார்கள். இடுப்பின் பின்பக்கம் உட்காரும் இடத்தில் வரும் வலியை வாயுப் பிடிப்பு என்பார்கள்.

முதுகைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவருக்கு, அதுவும் குழாய் உள்ளவருக்கு, படுத்தாலும் குறையாத, ராத்திரி தூங்கவிடாத முதுகு வலி புதிதாக வந்தால் முதுகெலும்பு வட்டில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். ஸ்கேன் சென்டரில் டயாலிசிஸ் நோயாளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், எம்.ஆர்.ஐ.க்குப் போடும் சாய ஊசிகளில் சில பழைய வகைகள் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலை இறுக்கும் கொடிய நோயைக் கொண்டுவந்திருக்கின்றன. சாயம் இல்லாத ஸ்கேனிலேயே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, தளர்வது, மலம் தெரியாமல் போவது என்று ஆரம்பித்தால் மணிக்கணக்குதான், 108ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் கட்டுகிறதா என்று மற்ற நோயாளிகளைக் கேட்பார்கள். சிறுநீரே வராதவரிடம் அந்த அறிகுறி தெரியாது, ஆகவே காலைத்தான் கவனிக்க வேண்டும்.

மருந்துக்கடைக்கும் தைலத்துக்கும் முன்னால்

மூட்டை நீவுவது, சுளுக்கு எடுப்பது, பத்து வைத்து இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் நம் மக்களுக்குள்ள நம்பிக்கையோடு நான் இங்கே வாதாடப் போவதில்லை. சீழ் உள்ள மூட்டை அழுத்தி நீவினால் வலி கூடும், அதைவிடப் பெரிதாக, இரண்டு நாள் வீணாகப் போகும்.

மருந்துக்கடை விஷயம் இன்னும் சிக்கல். டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச சிறுநீரையும் குறைத்துவிடும். வயிற்றில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுகிறவருக்கு இது இரட்டை ஆபத்து. ‘யூரிக் ஆசிட் வலி’ என்று சொல்லிக் கொடுக்கப்படும் கோல்ச்சிசின் டயாலிசிஸில் வெளியேறாது. சாதாரண அளவே இவர்களுக்கு நஞ்சாகி, பேதியில் ஆரம்பித்துத் தசையையும் ரத்த அணுக்களையும் பாதிக்கலாம். மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கை விழுங்குவது இன்னொரு பழக்கம். அரைகுறையாகப் போட்ட மாத்திரை கிருமியைக் கொல்லாது. கல்ச்சரில் தெரியாதபடி மறைத்துவிடும். பிறகு எந்தக் கிருமி என்றே தெரியாமல் வாரக்கணக்கில் குருட்டு வைத்தியம் நடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்குக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணை அறுக்கும் பழி வேறு உண்டு, சிறுநீரக நோயாளிகளுக்கு அந்த ஆபத்து அதிகம். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாம். போடும் முன் காய்ச்சலைப் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போடுங்கள்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி உடனே போகும் என்று சொல்கிற இடங்கள் உண்டு. நீர் எடுத்துச் சோதிக்காமல் அந்த ஊசிக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது.

ஊசி போட்டு நீர் எடுப்பது

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரே நேர்வழி, மூட்டுக்குள் ஊசி விட்டு நீரை எடுத்துப் பார்ப்பதுதான். ‘மூட்டுல ஊசி போட்டா கால் போயிரும்’ என்று பயந்து கையெழுத்துப் போடாமல் போகிறவர்கள் இருப்பதால், அங்கே என்ன நடக்கிறது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். முட்டிக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டு. டாக்டர் முட்டிச் சில்லின் வெளிப்பக்க மேல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து இடம் குறிப்பார். பழுப்பு நிறப் பொவிடோன் அயோடின் மருந்தால் வட்டமாகத் துடைத்து, அது காயும்வரை காத்திருப்பார். காய்ந்தால்தான் கிருமி சாகும், அவசரப்பட்டால் வேலைக்கு ஆகாது. பிறகு மரத்துப்போகும் ஊசி, சுருக்கென்று ஒரு கடி. அதற்குப் பின் கொஞ்சம் தடிமனான ஊசி சில்லுக்கு அடியில் நுழையும். சீழ் கெட்டியாக இருக்கும் என்பதால்தான் தடிமன். சிரிஞ்சை இழுக்கும்போது என்ன நிறம் வருகிறது என்று அறையில் உள்ள எல்லோரும் பார்ப்பார்கள். நல்ல மூட்டு நீர் முட்டை வெள்ளைக்கருவைப் போலத் தெளிவாக, வழவழப்பாக இருக்கும். இங்கே மஞ்சளாக, கலங்கலாக, சில சமயம் மோர் போல வரும். வீங்கிய முட்டியிலிருந்து நீர் இறங்கியதும் அழுத்தம் குறைந்து பலருக்கு வலி அங்கேயே பாதியாகிறது.

எடுத்த நீர் பிரிந்து போகும்: அணுக்களை எண்ண ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம், கல்ச்சருக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில் கொஞ்சம், படிகங்களைப் பார்க்கக் கொஞ்சம். நல்ல நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200க்கும் குறைவான வெள்ளணுக்கள்தான் இருக்கும். 50,000ஐத் தாண்டினால் கிருமி என்றே நினைத்து வைத்தியம் தொடங்குவார்கள். குறைவாக இருந்தாலும் டயாலிசிஸ்காரருக்கு நிம்மதியாகிவிட முடியாது. கண்ணாடித் தகட்டில் சாயம் போட்டுப் பார்க்கும் சோதனையில் கிருமி தெரியாமல் போவதும் சகஜம். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் மருந்து ஓடும். ஹெப்பாரின் விஷயத்தில் ஒரு முன்யோசனை தேவை: அன்று டயாலிசிஸும் இருந்தால் முதலில் நீர் எடுத்துவிட்டு, டயாலிசிஸை ஹெப்பாரின் இல்லாமல் செய்ய முடியுமா என்று எலும்பு டாக்டரும் சிறுநீரக டாக்டரான நெப்ராலஜிஸ்டும் பேசிக்கொள்ள வேண்டும். பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிடாமல், எலும்பு டாக்டரிடம் நெப்ராலஜிஸ்டின் போன் நம்பரைக் கொடுங்கள்.

கிருமி இல்லாமலும் மூட்டு வீங்கும். கவுட் எனும் யூரிக் ஆசிட் படிகம், கால்சியம் படிகம், ஹெப்பாரினால் மூட்டுக்குள் ரத்தக் கசிவு, பல வருஷம் டயாலிசிஸ் செய்தவர்களுக்கு ஒருவகைப் புரதம் படிந்து இரண்டு தோள்களிலும் மெதுவாக வரும் வலி எல்லாம் உண்டு. நீரில் படிகம் தெரிந்துவிட்டது, ஆகவே கவுட்தான், வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கல்ச்சர் முடிவு வரட்டும் என்று கேளுங்கள். படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்தே இருக்கலாம்.

மண்ணில் இருக்கும் கிருமி, நாட்பட்ட கிருமி

கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் பாசனத்தில் வயல் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருகிறது. 1911, 1912ஆம் ஆண்டுகளில் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவரோடு பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசுவாமியும் முதலில் விவரித்தது. விட்மோர் பெயர் நோய்க்கே ஒட்டிக்கொண்டது, கிருஷ்ணசுவாமியை யாரும் நினைப்பதில்லை. தமிழ்நாட்டிலும் இந்த நோய் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை நெடுங்காலமாக இதைப் பற்றி எழுதிவருகிறது. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களையே அதிகம் பிடிக்கும், மழைக்காலத்தில் கூடும், நுரையீரலோடு மூட்டிலும் சீழ் கட்டும். ஆய்வகம் இதைச் சூடோமோனாஸ் என்று தவறாக எழுதிவிடுவதும், டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து தின்பதும் நடக்கிறது. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகள் பல இதற்குக் கேட்காது. ஆகவே சேற்றில் இறங்கியதை, காலில் வெடிப்பு இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

டி.பி.யும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகம். அது மெதுவாக, வாரங்கள் கணக்கில் வரும். ஒரே மூட்டு, எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல். சாதாரணக் கல்ச்சரில் தெரியாது. மூட்டு நீரையோ சவ்வுத் துணுக்கையோ மரபணு சோதனைக்கு அனுப்பக் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் நடப்பது

ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. சீழ் வெளியே வர வேண்டும். தினமும் ஊசியால் இழுப்பது, சிறு துளை வழியாகக் கழுவுவது, திறந்து கழுவுவது என்று மூட்டையும் நிலைமையையும் பொறுத்து முடிவு செய்வார்கள். இடுப்பு மூட்டு என்றால் பெரும்பாலும் ஆப்பரேஷன்தான். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைச் செய்த டாக்டரையே முதலில் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வைத்தியமே வேறு.

ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்துவிட்டால் கழுத்துக் குழாயை எடுத்துவிடச் சொல்வார்கள். இங்கேதான் குடும்பம் தயங்குகிறது. பணம் கட்டிப் போட்ட குழாய், நன்றாக ஓடுகிற குழாய், எடுத்தால் மறுபடி எங்கே போடுவது என்ற கவலை நியாயமானதே. ஆனாலும் கிருமி படிந்த குழாயை உள்ளே வைத்துக்கொண்டு மருந்து ஏற்றினால், மருந்து நிற்கும் நாளில் கிருமி திரும்ப வரும். எடுத்துவிட்டு, இடையில் தொடையில் தற்காலிக லைன் வைத்து ஓட்டி, ரத்தக் கல்ச்சர் சுத்தமானபின் புதிய குழாய் போடுவதே வழக்கம். இதய வால்வைப் பார்க்க எக்கோ எடுப்பார்கள். அது வீண் செலவு இல்லை.

மருந்து பொதுவாக 4 முதல் 6 வாரம், இதய வால்விலோ முதுகெலும்பிலோ இருந்தால் 6 வாரமும் அதற்கு மேலும். டயாலிசிஸ் நோயாளிக்கு இதில் ஒரு சின்ன வசதி உண்டு. செஃபசோலின், வான்கோமைசின் போன்ற மருந்துகளை டயாலிசிஸ் நாளில் மட்டும், மிஷின் முடியும் நேரத்திலோ முடிந்ததுமோ போட்டால் போதும். தினமும் ஆஸ்பத்திரி போக வேண்டியதில்லை. ஆனால் டயாலிசிஸைத் தவறவிட்டால் மருந்தும் தவறும். வாரம் இரண்டு முறை மட்டும் டயாலிசிஸ் செய்கிறவர் அதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்று முறைக்கு எழுதிய அளவு அவருக்குப் பொருந்தாது. செஃபெபைம் மாதிரி மருந்து ஓடும்போது நோயாளி குழப்பமாகப் பேசினால், கை உதறினால், வயசாயிருச்சு என்று நினைக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்; சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது தேங்கி மூளையைத் தொட்டிருக்கலாம்.

நீண்ட நாள் மருந்துக்காக முழங்கை நரம்பு வழியாக நெஞ்சுவரை போகும் லைன் ஒன்று போடலாமா என்று வார்டில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், நெப்ராலஜிஸ்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றாவது சொல்லுங்கள். அந்த நரம்பு கெட்டால், டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவை நாளைக்குப் போட இடமிருக்காது. ட்ரிப் ஊசியைப் புறங்கையில் போடச் சொல்லலாம். ஃபிஸ்டுலா உள்ள கையில் எதுவுமே கூடாது.

வலி அடங்கியதும் மூட்டை அசைக்க ஆரம்பிக்க வேண்டும். ஒரு மாதம் அசைக்காமல் வைத்த முட்டி விறைத்துப்போய், கிருமி போனபின்னும் மடங்காது. நம் வீடுகளில் ஓய்வு என்றால் கட்டிலோடு கிடப்பது. அதைத் தடுக்க வீட்டில் ஒருவர் கொஞ்சம் கடுமையாக இருந்தால் தவறில்லை.

வராமல் பார்த்துக்கொள்ள

குழாயைவிட ஃபிஸ்டுலா நல்லது. 1966இல் நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துக் காட்டிய அந்த முறைக்கு இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல மாற்று வரவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் இல்லாததால் கிருமிக்கு நிரந்தர வாசல் இல்லை. ஃபிஸ்டுலா பழுக்க ஆறு வாரம், இரண்டு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஆகையால் கழுத்துக் குழாயோடு டயாலிசிஸ் தொடங்கியவர் ‘அப்பறம் பாத்துக்கலாமுங்க’ என்று வருஷத்தைக் கடத்துவதைத்தான் இந்த நூல் முழுக்க நான் எதிர்க்கிறேன். கை தடிப்பாகிவிடும், கம்பெனியில் பார்ப்பார்கள், வேலை போய்விடும் என்ற தயக்கம் பெண்களிடம் அதிகம் இருக்கிறது. முழுக்கைச் சட்டை போதும்.

குழாய் இருக்கும்வரை அதற்குரிய சுத்தம் வேண்டும். மூடியைத் திறக்கும்போது டெக்னீசியனுக்கும் நோயாளிக்கும் இருவருக்குமே மாஸ்க். பேசிக்கொண்டே திறக்கக் கூடாது. குழாய் முனையை மருந்தால் தேய்த்துத் துடைத்தபிறகே இணைக்க வேண்டும். ரத்தம் எடுக்க, ட்ரிப் ஏற்ற அந்தக் குழாயைப் பயன்படுத்த மற்ற வார்டுகளில் விடக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் பிளாஸ்டிக் ஒட்டுக்கு அடியில் வேர்வை தேங்கும். அந்த மாதங்களில் பஞ்சுத் துணிக் கட்டே மேல், நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். அயனிங் டேபிளுக்குப் பக்கத்திலும் களத்துத் தூசியிலும் வேலை பார்க்கிறவர்கள் மேலே சுத்தமான துணி ஒன்றைப் போர்த்திக்கொள்ளலாம். தொட்டி, கிணறு, வாய்க்கால் எதிலும் முங்கிக் குளிக்கக் கூடாது. தைப்பூசத்துக்குச் சிவன்மலை போகிறவர்கள் தலையோடு ஊற்றிக்கொள்வதை முருகனிடம் சொல்லி ஒத்திப் போடுங்கள். இடுப்புவரை குளித்து, மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும்.

தோல் அரிப்பு டயாலிசிஸ்காரர்களின் தீராத தொல்லை. சொறிந்த புண்தான் கிருமிக்கு இன்னொரு வாசல். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அரிப்புக்குப் பாஸ்பரஸ் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் கிருமி ஏறும் வாய்ப்பு கழுத்துக் குழாயைவிடக் குறைவு. அவர்களுடைய பயம் வயிற்றுத் தொற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

செலவும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. டயாலிசிஸுக்கு இந்த அட்டையைப் பயன்படுத்துகிற பலரும், மூட்டு ஆப்பரேஷனுக்கும் கேட்கலாம் என்பதை நினைப்பதில்லை. அட்மிஷன் போடும்போதே காப்பீட்டு மேசையில் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் அன்று சொன்னால் பிரயோசனமில்லை.

பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் இருக்கிறது. தொடர்ந்து 2 ஆண்டுகள் பதிவில் இருந்து, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், சாதாரண நோய் விடுப்பு முடிந்தபின்னும் சம்பளத்தில் 80 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை 2 ஆண்டுவரை கிடைக்கும். சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோகுமே என்று வீங்கிய காலோடு மிஷினில் உட்காருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கிளம்புவது காங்கேயம் அரசு மருத்துவமனைக்காக இருக்கலாம், திருப்பூர் மருத்துவக் கல்லூரிக்காக இருக்கலாம், கோவைக்காக இருக்கலாம். அங்கே நெப்ராலஜிஸ்ட், எலும்பு டாக்டர், அவசர டயாலிசிஸ், கல்ச்சர் வசதி நான்கும் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் இடையில் வண்டி மாற வேண்டியிருக்காது. போனில் ‘முட்டி வலி’ என்று சொல்லாதீர்கள். ‘டயாலிசிஸ் பேஷன்ட், கழுத்துல குழாய் இருக்குது, ஒரு முட்டி மட்டும் ரெண்டு நாளா வீங்கிச் சூடா இருக்குது’ என்று சொல்லுங்கள். கையில் காப்பீட்டு அட்டையோ இ.எஸ்.ஐ. அட்டையோ, கடைசி டயாலிசிஸின் குறிப்புத் தாள், குழாய் போட்ட தேதி, பழைய ரத்த ரிப்போர்ட், ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர். இந்த ஒரு வாரத்தில் போட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், காலி அட்டையாக இருந்தாலும் சரி.